தண்ணீர் இழுக்காத படகு

6

ஜவுளிக்கடையில் ஒரு துணுக்கை நீட்டி, இதற்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி வேண்டும் என்று கேட்பார்கள். கொலைகாரனைக் காட்டி, இவனுக்குப் பொருத்தமாக ஒரு சாட்சி வேண்டும் என்று கேட்டவர், கோமளாவின் துப்பறியும் தொழிலில் வெங்கடம்மாள் ஒருவர்தான்.

"அந்த ரசாக்குத்தான் அம்மணி கொன்னுபோட்டான். எனக்கு அதுல சந்தேகமே இல்லை. நீங்க ருசுப் பண்ணிக் கொடுத்தாப் போதும்."

பீளமேட்டில் அந்தப் பெரிய வீட்டுக் கூடத்தில் வெங்கடபதியின் படத்துக்குப் போட்ட சம்பங்கி மாலை வாடியிருந்தது. மாற்ற வந்த வேலைக்காரியை வெங்கடம்மாள் பக்கத்தில் விடவில்லை. புருஷன் போனதிலிருந்து அவர் தூங்கவில்லை என்று கண்கள் சொல்லின. சாப்பிடவில்லை என்று எதிரே ஏடு படிந்து கிடந்த காபி சொன்னது.

"போலீஸே புடிச்சு வெச்சிருக்காங்களேக்கா. நான் எதுக்குங்க?" என்றாள் கோமளா.

"நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. இன்ஸ்பெக்டரு இழுக்கறாரு. எஞ்சினெ அடைச்சது அவந்தான்னு கெட்டியா எதாவது வேணுமாம், இல்லீன்னா வக்கீல் வந்து வெளிய எடுத்துருவானாம். அவன் வெளிய வரக்கூடாது. என்ற ஊட்டுக்காரரு போன எடத்துக்கு அவனும் போகோணும்."

கோமளாவுக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்த மாசாணம், தொண்டையைச் செருமினான். அவன் அவளுடைய உதவியாள், டிரைவர், தேவைப்பட்டால் வாய். பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டு விலை பேசிக்கொண்டிருந்தவன். தரகு படுத்துப் போனதும் துப்பறிய வந்தான். "ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம், ரெண்டுலயும் பல்லப் புடிச்சுப் பாக்கோணும்" என்பது அவன் கட்சி. கோமளாவோ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கிடங்குகளைப் பார்த்து வந்தவள். எரிந்த பஞ்சு பொய் சொல்லாது, எரிந்த பஞ்சுக்குச் சொந்தக்காரர்தான் சொல்லுவார் என்பது அவள் கண்டது.

விவகாரம் இதுதான். வெங்கடபதிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட் தொழிற்சாலை. கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி வயலில் விட்டே பெரிய ஆளானவர். அவருக்கு ஒரு நாள் தண்ணீருக்கு மேலே போக ஆசை வந்துவிட்டது. கொச்சியில் கழித்துப் போட்ட பழைய மர மோட்டார் படகு ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார். கொச்சிப் படகுத் துறையில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த கோட்டைமேட்டு ரசாக்கைப் பிடித்து, தொழிற்சாலைக்குப் பின்னால் ஷெட் போட்டுக் கொடுத்தார். ரசாக் உளுத்த பலகையை மாற்றினான், எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பூட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை, சிறுமுகைப் பக்கம் பவானிசாகர் அணைத் தண்ணீர் வந்து நிற்கும் இடத்தில் படகு இறங்கியது. முதல் சுற்று வெங்கடபதி தனியாகப் போனார். நடுத் தண்ணீரில் எஞ்சின் புகைந்து, இறுகி நின்றது. என்னவென்று பின்பக்கமாகக் குனிந்து எட்டிப் பார்த்தவர் தவறி விழுந்தார். நீச்சல் தெரியாது. பரிசல்காரர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் குழாய்க்குள் பழுப்பு நிறத்தில், நார் நாராக ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் கசியாமலிருக்க ரசாக் குங்கிலியத்தில் தோய்த்துத் திணிக்கும் பஞ்சும் அதே பழுப்பு. போலீசுக்கு அது போதும்.

"அது மட்டுமில்லீங்க. என்ற காதால கேட்டேன்" என்றார் வெங்கடம்மாள். "முந்தின நாளு ஷெட்டுல நின்னு, 'இதெ எறக்குனீங்கன்னா உசுரு போயிருமுங்க மொதலாளி'ன்னு சத்தம் போட்டான்."

"மெரட்டறவன் 'மொதலாளி'ன்னும் 'ங்க'ன்னும் போடுவானுங்களா?" என்றான் மாசாணம்.

"நம்மூர்ல கழுத்த அறுக்கறவனும் 'சித்தெ நிமிந்துக்கோங்க'ன்னுதான் சொல்லுவான். சும்மா இரு" என்ற கோமளா, வெங்கடம்மாள் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறனுங்க. நான் கொண்டாறது நீங்க கேட்ட அளவுக்கு இருக்கும்னு கேரண்டி கெடையாது."

"எந்த அளவா இருந்தாலும் கொண்டாங்க. யாருன்னு தெரிஞ்சாத்தான் நான் ஒரு வாய் சோறு திங்க முடியும்."

வாசலில் எதிர்ச் சாரி வேப்பமரத்தடியில் வெள்ளைத் துப்பட்டி போர்த்த ஒரு பெண் நின்றிருந்தாள். கேட்டைத் தாண்டக் கூடாது என்று கூர்க்கா தடியால் கோடு கிழித்திருந்தான். கோடு அழிந்து போயிருந்தது. அவள் தாண்டவில்லை.

"ஏனுங்கக்கா, நான் ரசாக்கு ஊட்டுக்காரி. உம்மல் குல்சும். நீங்க அந்த அம்மாவோட ஆளுன்னு கூர்க்கா சொன்னாருங்க. இருந்தாலும் கேக்கறேன்."

"கேளுங்க கண்ணு."

"அவரு ஓட்டையெ அடைக்கற ஆளுங்க. வழியெ அடைக்கற ஆளில்லீங்க." அவள் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாதவள் போல் நின்றாள். பிறகு, "சோறு கொண்டுபோனா வேண்டாங்கறாரு. கம்பியப் புடிச்சுட்டு, அந்த அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்னு அதையே சொல்றாரு. செய்யாத ஆளு எதுக்குங்க அதெச் சொல்லோணும்? போலீஸ்காரரு அதையும் குத்தமா எழுதிக்கிட்டாரு. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போயிட்டா அவரு அங்கயே செத்துருவாருங்க."

"ஞாயித்துக்கெழமெ அவரு எங்க இருந்தாரு?"

"ஊட்டுலதாங்க. சனிக்கெழமெ சண்டெ போட்டுட்டு வந்துட்டாரு. எஞ்சினுக்குத் தண்ணி இழுக்கற பம்புல ரப்பர் சக்கரம் தேஞ்சு போச்சாம். கொச்சியிலிருந்து புதுசு வர்ற வரைக்கும் எறக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு. மொதலாளி கேக்கல."

"தேஞ்ச ரப்பர் என்ன பண்ணும்?"

"தண்ணியே இழுக்காதுங்களாம். எஞ்சின் பத்திக்குமாம்."

கோமளா காரை நோக்கி நடந்தவள், பாதியில் நின்றாள். "மாசாணம், அந்தம்மா போலீஸ்ல கொடுத்த வாக்குமூலத்துல, கெளம்பும்போது படகு எப்படி இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க?"

"எஞ்சின் தண்ணி வெளிய வர்ற பக்கவாட்டு ஓட்டையில ஜோரா கொட்டிட்டு இருந்துச்சுன்னு."

"இழுக்காத பம்பு எப்படிக் கொட்டுச்சு?"

மாசாணம் யோசித்தான். "ஒரு வேளை மொதலாளியப் பாத்து மரியாதைக்குக் கொட்டியிருக்குமுங்க."

* * *

போலீஸ் பார்த்து முடித்த படகை மறுபடி பெரியநாயக்கன்பாளையம் ஷெட்டிலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பழைய லாரி டயர்கள்மேல், மூக்கைத் தூக்கிக்கொண்டு, கல்யாணம் நின்று போன வீட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. தேக்குப் பலகைக்குப் புது வார்னிஷ். பித்தளை ஆணித் தலைகள் ஒவ்வொன்றும் துலங்கியது. ஒரு இடுக்கில்கூட விரல் நகம் நுழையவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் அதையே பாழாக்குவானா என்று கோமளா நினைத்தாள். நினைப்பதோடு சரி. பார்த்துப் பார்த்துக் கட்டிய கிடங்குக்குச் சொந்தக்காரரே நெருப்பு வைத்ததை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"கோயமுத்தூருக்குப் படகு எதுக்குங்க மேடம்?" என்றான் மாசாணம், எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி. "மழெ பேஞ்சா உக்கடத்துல பஸ்ஸே நீந்துது."

"வெளிச்சத்த மறைக்காதே. தண்ணி எது வழியா உள்ள வருது?"

அடிப்பலகையில் ஒரு துளை. அதிலிருந்து குழாய். குழாய்க்கு நடுவே குப்பையைத் தடுக்க ஒரு வலைக் கிண்ணம். அதற்கு மேல் கையால் திருகித் திறக்கும் மூடி. அப்புறம் பம்பு. பம்பிலிருந்து எஞ்சினுக்குள் சுண்டுவிரல் தடிமனில் வளைந்து வளைந்து போகும் வழி. போலீஸ் ஒரு வளைவைத்தான் கழற்றியிருந்தது. கோமளா கொண்டை ஊசியை அடுத்த வளைவுக்குள் விட்டுக் கிளறினாள். கல் மாதிரி இறுகிய பழுப்புத் துண்டு ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"வலைக்கு வெளிப் பக்கம் பாரு."

"ஒண்ணுமில்லீங்க. சுத்தமா இருக்குது."

"அணைத் தண்ணியில வந்த குப்பைன்னா வலைக்கு வெளியதான் நின்னிருக்கும். இது வலையெத் தாண்டி உள்ள இருக்குது. யாரோ மூடியெத் திறந்து, வலையெ எடுத்துட்டு, மேல இருந்து உள்ள போட்டு, திரும்ப மாட்டி மூடியிருக்காங்க."

மாசாணத்தின் முகம் தொங்கியது. "அப்படீன்னா ரசாக்கேதாங்களா? அந்தப் புள்ள மரத்தடியில நிக்குதேங்க மேடம்."

"மரத்தடியில நிக்கறது சாட்சி ஆகாது" என்றாள் கோமளா. அவள் குரலிலும் தெம்பில்லை. இதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் வெங்கடம்மாள் கேட்ட சரக்கு அப்படியே கிடைத்துவிடும். அளவுகூடச் சரியாக இருக்கும்.

* * *

எதிரே டீக்கடை. கோமளா ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டாள். வந்ததும், கையிலிருந்த துண்டை அதற்குள் போட்டாள்.

"குங்கிலியப் பஞ்சுன்னா வெந்நியில பிசினு மாதிரி இளகோணும். பஞ்சு அப்படியே கெடக்கோணும்."

பஞ்சு அப்படியே கிடக்கவில்லை. துண்டு ஊறியது, உப்பியது, ஓரமாக உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, நார்கள் மட்டும் மேலே மிதந்தன. மாசாணம் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகத்தில் நெடுநாள் பிரிந்த உறவுக்காரரைப் பார்த்த களை வந்தது.

"சாணிங்க மேடம்."

"நெசமாவா?"

"என்ற தாத்தா காலத்துல இருந்து மோந்து பாக்கற மூக்குங்க. இது சாணிதான். பசு மாட்டுச் சாணி. பால் கறக்கற மாடு." ஒரு நாரை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினான். இழுத்துப் பார்த்தான். வெள்ளையாக, நூல் மாதிரி நீண்டது. "சோளத்தட்டு தின்ன மாடில்ல. தட்டுன்னா சுக்குநூறா வரும். இது வாழைத் தண்டு. துண்டு துண்டா நறுக்கிப் போட்டிருக்காங்க."

"ஏனுங்க," என்றார் டீ மாஸ்டர் அங்கிருந்தே, "அந்த டம்ளரெ நீங்களே ஊட்டுக்குக் கொண்டுபோயிருங்க."

"இந்தப் பக்கம் வாழை உண்டா?" என்று கோமளா கேட்டாள்.

"பெரியநாய்க்கன்பாளையத்துல ஏதுங்க வாழை? இங்க பட்டறெதான். மாடே கெடையாது. வாழைக்கு நீங்க சிறுமுகைக்குப் போகோணும்."

கோமளா டீக்கடையை ஒட்டியிருந்த ஹார்டுவேர் கடையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெங்கடபதி கம்பெனி பம்புகள் அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டி மேலும் சிவப்பு எழுத்து: பம்பினுள் சாணிக் கரைசல் ஊற்றக் கூடாது. ஊற்றினால் உத்தரவாதம் செல்லாது.

கிணற்று மேட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பம்பு ஓடும், தண்ணீர் வராது. எங்கோ ஒரு இடுக்கில் காற்று உறிஞ்சும். மெக்கானிக் வருவதற்குள் பயிர் வாடிவிடும். கட்டுத்தறிக்குப் போய் ஒரு வாளிச் சாணியைக் கரைத்துப் பம்பின் வாயில் ஊற்றினால், சாணி போய் இடுக்கில் ஒட்டிக் காற்றை அடைக்கும். தண்ணீர் பொத்துக்கொண்டு வரும். மிச்சச் சாணி அகலமான குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போய் உரமாகிவிடும். பம்பு செய்கிறவர்கள் எத்தனை சிவப்பு மையில் அச்சடித்தாலும் கொங்கு நாட்டில் இந்த வைத்தியம் நிற்கவில்லை. காரணம், அது வேலை செய்கிறது.

"படகு எஞ்சினுக்கு வாய்க்கால் கெடையாது" என்றாள் கோமளா மெதுவாக. "சுண்டுவிரல் வழிதான். மொதல்ல தேஞ்ச ரப்பர் இடுக்குல ஒட்டிக் காத்த அடைச்சுத் தண்ணி கொட்டியிருக்கும். எஞ்சின் சூடு ஏற ஏற, நார் எல்லாம் வளைவுல போய்ச் சேர்ந்து, வெந்து, இறுகிப் போச்சு. அதுக்குள்ள படகு நடுத் தண்ணிக்குப் போயிருச்சு."

"அப்போ ரசாக்கு இல்லீங்க."

"வாழை தின்ன மாடு சிறுமுகையில. ரசாக்கு ஞாயித்துக்கெழமெ கோட்டைமேட்டுல. சாணியெ இங்கிருந்து எடுத்துட்டுப் போகோணும்னா இங்க மாடே கெடையாது." அவள் எழுந்தாள். "கரையில யாரோ கொன்னுபோடோணும்னு ஊத்தல மாசாணம். ஓட வைக்கோணும்னு ஊத்தியிருக்காங்க."

"யாருங்க? மொதலாளியேவா? சாணி ஊத்தாதேன்னு பொட்டி பொட்டியா அச்சடிச்சவரு, அவசரத்துல ஒரு வாளி..."

"போய்க் கேப்போம். காருக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

"ஊத்திட்டனுங்க. வெறும் தண்ணி."

* * *

படகு இறங்கிய இடத்துக்குப் பக்கத்துத் தோட்டம் நஞ்சப்பனுடையது. வாழைக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு, ஒரு கட்டுத்தறி, இரண்டு பசுக்கள். ஒன்று வாழைத் தண்டை மென்றுகொண்டே வந்தவர்களை நிதானமாகப் பார்த்தது.

காரைக் கண்டதுமே நஞ்சப்பன் தாரை வெட்டிக்கொண்டிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். போலீஸ் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால்.

"நாங்க இன்னும் கேக்கவே இல்லீங்களேண்ணா" என்றான் மாசாணம். "பதில எடுத்துக் கையில வெச்சுட்டு நிக்கறீங்க."

கோமளா சுற்றிப் பார்த்தாள். "உங்கள்ற பம்பு எங்கீங்க?"

"போர்ல எறக்குனதுங்க அம்மணி. உள்ளயே முங்கிக் கெடக்கும். சுவிச்சுப் போட்டாத் தண்ணி வரும். பல வருஷமாச்சு."

"அப்போ நீங்க பம்புக்குச் சாணி ஊத்தறதில்ல."

"அதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சுங்களே." சொல்லிவிட்டு, கேள்வி எங்கே போகிறது என்று புரியாமல் அவர் விழித்தார்.

"ஞாயித்துக்கெழமெ உங்கள்ற கட்டுத்தறியில இருந்து சாணி போயிருக்குதுங்க. படகுக்குள்ள இருந்துச்சு."

நஞ்சப்பன் கட்டுத்தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "பூசைக்குத்தானுங்க கேட்டாங்க. புதுசா எறக்கறாங்க, சாணியில புள்ளையார் புடிச்சு அருகம்புல் குத்தி வெப்பாங்கன்னு நெனச்சேன். குடுக்காம இருக்க முடியுங்களா?"

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"நான் ஒரு கைப்பிடி உருட்டி எடுத்தேன். பத்தாதுன்னுட்டாங்க. ஒரு வாளி வேணும்னாங்க."

மாசாணம் வாயைத் திறந்தான். ஒரு வாளியில் எத்தனை பிள்ளையார் பிடிக்கலாம் என்று கேட்கத்தான் திறந்திருப்பான். கோமளாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அவள் அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டிருந்தாள்.

"கேட்டாங்க, கேட்டாங்கன்னு சொல்றீங்களே. மொதலாளி வந்து கேட்டாருங்களா?"

"மொதலாளி எங்கீங்க வந்தாரு? அவரு மெசின் ஓடியும் தண்ணி வரலீன்னு திட்டிட்டு, ஸ்பேனர் எடுக்கக் காருக்குப் போயிட்டாரு. காரு மேட்டு மேல நின்னுச்சு. அதுக்குள்ள அம்மாதானுங்க ஓடி வந்தாங்க."

"எந்த அம்மா?"

"அவரு சம்சாரந்தாங்க. பீளமேட்டு அம்மா. பாவம், பட்டுச் சேலையோட கட்டுத்தறிக்குள்ளயே வந்துட்டாங்க. நீங்க நில்லுங்கம்மா நான் அள்ளித் தாரேன்னேன். கேக்காம அவங்களே தண்ணி ஊத்திக் கரைச்சாங்க. கை பழகுன கையா இருந்துச்சுங்க."

பசு அடுத்த வாழைத் தண்டைக் கவ்வியது.

"இதெ ஏனுங்கண்ணா போலீஸ்ல சொல்லல?" என்றான் மாசாணம், கிண்டல் வற்றிய குரலில்.

"யாரு கேட்டாங்க? மெக்கானிக்கு பஞ்செத் திணிச்சுட்டான்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். சாணிக்கும் சாவுக்கும் என்னங்க சம்பந்தம்?"

* * *

மாசாணம் காரைத் திருப்பினான். காரமடையைத் தாண்டியதும், "சொல்லித்தான் ஆகோணுங்களா மேடம்?" என்று கேட்டான்.

"நஞ்சப்பன் சாணி கொடுத்தாரு. ஊத்துனதப் பாக்கல. ஊத்துனவங்க வாயால வரலீன்னா, நாளைக்கு வக்கீல் இது என்ன கதைன்னு கேப்பான். ரசாக்கு உள்ள போயிருவான்."

"அந்தம்மா கேட்டது கொலைகாரனெங்க."

"தெரியும்."

வெங்கடம்மாள் அதே நாற்காலியில் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "கெடைச்சுதுங்களா?"

கோமளா உட்காரவில்லை. "அக்கா, உங்கள்ற பொறந்த ஊடு எந்த ஊருங்க?"

"அன்னூர்ப் பக்கம். எதுக்குக் கேக்கறீங்க?"

"கெணத்துப் பம்பு உண்டுங்களா?"

"உண்டு. சின்னதுல நாந்தான் மோட்டார் போடுவேன். எங்கண்ணனுக்குக்கூட வராது, எனக்குத் தண்ணி வந்துரும்." எதற்கென்று தெரியாமலே அவர் முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் வந்து போனது. அதைப் பார்த்த மாசாணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழமெ படகும் தண்ணி இழுக்கலையாக்கா?"

"இழுக்கலை. அவரு பாவம், அந்த ஆசையோட வந்தாரு, மூஞ்சி செத்துப் போச்சு. ஸ்பேனர் எடுக்கப் போனாரு. அதுக்குள்ள நான் பண்ணிப்போட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குச் சாணின்னா ஆகாதுங்க. பொட்டி மேலயே போட்டு வெச்சிருக்காரு. அதனால சொல்லலை. வந்து பாத்தா ஓட்டையில தண்ணி கொட்டுது. என்ன பண்ணுனேன்னு கேட்டாரு. என்ற கைராசின்னேன். சிரிச்சுட்டே ஏறிப் போனாரு. அடுத்த சுத்து நீயும் வான்னாரு."

"இதெ நீங்க போலீஸ்ல சொல்லலீங்களே."

"நல்லதுக்குப் பண்ணுனதெ எதுக்கு அம்மணி போலீஸ்ல சொல்லோணும்?"

கோமளா கைப்பையைத் திறந்து, காகிதத்தில் மடித்திருந்ததை மேசைமேல் விரித்தாள். டம்ளரில் ஊறி உதிர்ந்து, பின் காய்ந்து போன பழுப்புத் தூள். அதன் நடுவே வெள்ளை வெள்ளையாக நூல் போல நார்கள்.

"எஞ்சினுக்குள்ள இருந்ததுக்கா. பஞ்சு இல்ல. வாழைத் தண்டு நாரு."

வெங்கடம்மாள் அதைப் பார்த்தார். ஒரு நாரை எடுத்து, விரலிடுக்கில் வைத்து உருட்டினார். கட்டுத்தறியில் வளர்ந்த கை. யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோமளா எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். சொல்லாமலே ஒருவருக்குச் செய்தி போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதைவிட மோசமாக இருந்தது.

"தண்ணி வந்துச்சே" என்றார் கடைசியில்.

"வந்துச்சுங்க. கொஞ்ச நேரம்."

"நீங்க பொய் சொல்றீங்க. அந்தப் பொம்பளெ வெளிய நின்னுட்டு உங்களெக் கரைச்சுட்டா. நான் கூப்பிட்ட ஆளு நீங்க. இதெ எடுத்துட்டுப் போயிருங்க. இதெ யாருகிட்டயும் சொல்லக்கூடாது. நான் சொல்லலீன்னா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க" என்றாள் கோமளா. "நஞ்சப்பன் பூசைக்குன்னுதான் நெனச்சிருக்காரு. நீங்க கூப்பிட்ட ஆளு நான், உங்களெ மீறி ஸ்டேஷன்ல போய் நின்னாலும் என் வார்த்தைக்கு அங்க எடெ இருக்காது. ரசாக்கு நாளைக்குப் போயிருவான். நீங்க கேட்ட மாதிரியே."

வெங்கடம்மாள் படத்தின் பக்கம் போனார். வாடிய மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. தோள் மட்டும், யாரோ பின்னாலிருந்து அழுத்துவது போல மெல்லத் தாழ்ந்தது.

"அவன் சொன்னானே," என்றார், திரும்பாமல். "எறக்குனா உசுரு போயிரும்னு. அவன் சொன்னது மெரட்டல் இல்லீங்களா அம்மணி?"

"இல்லீங்க. கெஞ்சல்."

வெங்கடம்மாள் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு நடந்தார். கூர்க்கா பதறிக் கேட்டைத் திறந்தான். வேப்பமரத்தடியில் குல்சும் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். திட்டு விழும் என்றோ, அடி விழும் என்றோ.

"வண்டியில ஏறு கண்ணு" என்றார் வெங்கடம்மாள்.

குல்சும் கோமளாவைப் பார்த்தாள். கோமளா தலையசைத்தாள். மாசாணம் ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்தான். இரண்டு பெண்களும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க அது காலியாகவே வந்தது.

சிறுமுகை ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வெங்கடம்மாளைக் கண்டதும் எழுந்து நின்றார். பெரிய வீட்டு அம்மா நேரில் வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நீங்க எதுக்குங்கம்மா அலையறீங்க? ஆள அனுப்பியிருந்தா நானே வந்திருப்பனே. இவன் மேல இன்னும் எதாவது சேத்தோணுங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வெங்கடம்மாள் உட்காரவில்லை. உள்ளே கம்பிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்திருந்த ரசாக் அவர் குரலுக்குத் தலை நிமிர்ந்து, மனைவியையும் அவரையும் சேர்ந்தாற்போல் பார்த்து, எழுந்திருக்க முயன்றான். சாப்பிடாத உடம்பு, கம்பியைப் பிடித்துத்தான் எழ முடிந்தது.

"அவரு எஞ்சினுக்குள்ள சாணி ஊத்துனது நானுங்க" என்றார் வெங்கடம்மாள். "யாரும் சொல்லித் தரலை. எனக்கே தெரியும்னு நெனச்சு ஊத்திப்போட்டேன். எழுதிக்கோங்க. எங்க கையெழுத்துப் போடோணுமோ போடறேன்."

இன்ஸ்பெக்டர் கோமளாவைப் பார்த்தார். கோமளா சுவரைப் பார்த்தாள். ரைட்டர் பேனாவைத் திறந்துவிட்டு எதை எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

"அம்மா, நீங்க மொதல்ல உக்காருங்க. சித்தெ தண்ணி குடிங்க. மனசு செரியில்லாதப்ப..."

"என்ற மனசு கெடக்கட்டும்" என்றார் வெங்கடம்மாள். "மொதல்ல அந்த மனுசனெ வெளிய உடுங்க. நான் அப்புறம் அழுதுக்கறேன்."